நூலிழையில் போச்சு கேமரா!

"ஏனுங்க, சைக்கிள்ல மலை ஏறப் போறதுக்கு எதுக்குங்க தனியா ஒரு கேமரா? கையிலதான் செல்லு இருக்குதில்ல?"

கேட்டது என் வீட்டு அம்மணி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கோத்தகிரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை வந்து என் வாயை அடைத்தது.

நாங்கள் நாலு பேர். பனியன் கம்பெனி செக்கிங் சூப்பர்வைசர் ஒருவர், ஏற்றுமதி ஆபீஸ் மெர்ச்சண்டைசர் ஒருவர், பாங்க் கிளார்க் ஒருவர், பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் அடியேன். வாரத்தில் ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்து வளர்த்த தொப்பையை ஏழாவது நாள் மலையில் கரைப்பது எங்கள் லட்சியம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். ஏறும்போது நாக்கு தள்ளும். இறங்கும்போது...

அதைச் சொல்லத்தான் வந்தேன். தேயிலைத் தோட்டத்து மண் பாதை. தூறல். நான் முன்னால் போய் நின்றுகொண்டு, சூப்பர்வைசர் இறங்கி வருவதை செல்லில் வீடியோ எடுத்தேன். காலையிலிருந்து எனக்கு அதே வேலை. சார்ஜ் சிவப்புக் கோட்டில் இருந்தது. வளைவில் அவருடைய முன்சக்கரம் வழுக்கியது. மனுஷன் தோளோடு பாறையில் விழுந்தார். காறை எலும்பு முறிந்துவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஆளைக் கூப்பிடலாம் என்றால், ஈரத் திரையில் ஈர விரல் வேலை செய்யவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு நம்பரை அழுத்துவதற்குள் செல் கண்ணை மூடிவிட்டது. அவருடைய செல் அவரோடு சேர்ந்து நொறுங்கியிருந்தது. மற்ற இருவரும் எங்கோ பின்னால், பஜ்ஜியும் கையுமாக. முக்கால் மணி நேரம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தேன். தேயிலை ஏற்றும் லாரி ஒன்று அந்தப் பக்கம் வந்திராவிட்டால் இந்தக் கட்டுரையை இவ்வளவு சிரிப்போடு எழுதியிருக்க மாட்டேன்.

அன்றைக்குத் தீர்மானித்தேன். மலையில் செல் என்பது ஆபத்துக்கு உதவும் சாமான். அதில் படம் எடுத்துத் தீர்ப்பது, தீயணைப்பு வண்டித் தண்ணீரில் வாசல் தெளிக்கிற கதை. படத்துக்குத் தனிக் கேமரா!

எந்தக் கேமரா? அடி தாங்கும் கேமரா புதுச் சரக்கில்லை. 1980களின் கடைசியிலேயே ஜப்பானில் கோனிகா கம்பெனி 'கெம்பா கன்தோக்கு' என்று ஒன்றை விட்டது. அர்த்தம், கட்டட வேலை மேற்பார்வையாளர். நம்ம பாஷையில் சைட் மேஸ்திரி! சிமென்ட் தூசியிலும் மழையிலும் வேலை பார்க்கத் தெரிந்த மேஸ்திரி.

பின்னால் வந்த மேஸ்திரிகளைப் பார்ப்போம். ஒலிம்பஸ் பரம்பரையில் வந்த ஓ.எம். சிஸ்டம் டி.ஜி.-7 (2023): 15 மீட்டர் ஆழத் தண்ணீர், 2.1 மீட்டர் உயர விழுகை, 100 கிலோ பாரம் தாங்கும். ரிக்கோ டபிள்யூ.ஜி.-90: 14 மீட்டர் ஆழம், 1.6 மீட்டர் விழுகை. 2017ல் வந்த நிக்கான் டபிள்யூ-300: 30 மீட்டர் ஆழம், 2.4 மீட்டர் விழுகை.

உடனே 30 மீட்டர்காரனைப் பிடித்துவிடாதீர்கள். அது கடலில் முங்குகிறவர்களுக்கு. சைக்கிள்காரனுக்கு வேண்டியது மழையும் சேறும் தாங்கும் சக்தி. நொய்யலில் தலைகுப்புற விழுந்தாலும் 30 மீட்டர் ஆழம் எங்கே இருக்கிறது?

விழுகைக் கணக்குதான் முக்கியம். பக்கத்து வீட்டு பிளஸ் டூ பெண்ணிடம் கேட்டேன். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 23 கிலோமீட்டராம். நாம் இறக்கத்தில் 40ல் வருகிறோம். அந்த வேகத்தில் நேராகப் பாறையில் மோதினால், இருபதடி உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். அதோடு, கம்பெனிக்காரர்கள் போட்டுப் பார்ப்பது பலகை மேல். கோத்தகிரியில் பலகை விரித்து வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே 'உடையாது' என்று நம்பாதீர்கள். 'சீக்கிரம் உடையாது' என்று படியுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை இவை. ஸ்விட்ச் போட்டதும் லென்ஸ் மூக்கை வெளியே நீட்டுகிறதா? நீட்டினால் வேண்டாம். அந்த இடுக்கில் தூசி போகும். டி.ஜி. மாதிரிக் கேமராக்களில் ஜூம் எல்லாம் உடம்புக்குள்ளேயே நடக்கும். சைக்கிள் கிளவுஸைக் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டே எல்லா பட்டனையும் அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள்.

குறையும் உண்டு. படம் பதியும் சில்லு சின்னது. மங்கின வெளிச்சத்தில் நல்ல செல்போன் படமே அழகாக இருக்கும். ஓட்டிக்கொண்டே வீடியோ எடுக்க வேண்டுமென்றால் ஹெல்மெட்டில் மாட்டும் கோப்ரோ வகை தேவலை. ஆனால் அந்த அகல லென்ஸில் எதிர் மலை, கடுகு சைஸுக்குப் போய்விடும்.

கேமராவைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள், கழுத்திலும் தொங்கவிடாதீர்கள். விழுந்தால் கேமரா தப்பும், விலா எலும்பு தப்பாது. இடுப்புப் பையில், பக்கவாட்டில் வையுங்கள்.

இவ்வளவும் படித்த நான் என்ன செய்தேன் தெரியுமா? கைமாறி வந்த கேமரா ஒன்றைச் சகாய விலைக்கு வாங்கினேன். மலைக்குப் போகுமுன் டெஸ்ட் பண்ண வேண்டாமா? சூப்பர்வைசர் கொடுத்திருந்த பனியன் வேஸ்ட்டை எடுத்துப் பளபளவென்று துடைத்தேன். பேட்டரி மூடியைத் திறந்து உள்ளேயும் துடைத்தேன். 'டக்'கென்று மூடி, குளியலறை பக்கெட்டில் முக்கினேன். ஐந்து நிமிஷத்தில் கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தது. படமும் போச்சு, பணமும் போச்சு.

சர்வீஸ் பையன் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சிரித்தான். "அண்ணா, மூடியில இருக்குற ரப்பர்ல நூல் ஒண்ணு சிக்கியிருக்குதுங்ணா."

ஒரே ஒரு பருத்தி நூல்! கடலையே தடுக்கும் ரப்பர், நூல் அகலத்துக்கு வழி விட்டுவிட்டது. ஊரெல்லாம் பஞ்சு பறக்கிற நமக்கு இதுதான் முதல் எதிரி. மூடியின் ரப்பரை ரப்பர் புளோயரால் ஊதி, நூல் பிரியாத மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். ரப்பரை வருஷம் ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றுங்கள். மழையில் மூடியைத் திறக்காதீர்கள். பழைய கேமரா வாங்கினால் அதன் ரப்பருக்கு என்ன வயசு என்று முதலில் கேளுங்கள்.

சூப்பர்வைசருக்கு எலும்பு கூடிவிட்டது. போன மாதம் மறுபடி கோத்தகிரி போனோம். புதுக் கேமரா என் இடுப்பில், முழு சார்ஜோடு செல் பிளாஸ்டிக் உறைக்குள். அதே வளைவில் அவரை நிறுத்திப் படம் எடுத்தேன்.

"நூலிழையில தப்பிச்சேனுங்க" என்றார், தோளைத் தடவிக்கொண்டே.

"என் கேமரா நூலிழையிலதானுங்க செத்துது" என்றேன்.