உப்புக்கு ஈடுகொடுக்கும் ரீல்

பெங்களூரு ஈஜிபுராவிலிருந்து கடலுக்குச் சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் கயாக்கைக் கட்டிக்கொண்டு போய், கொடுவா மீன் கடித்த நேரத்தில் தூண்டில் ரீல் இறுகிக்கொண்டால் மனம் நொந்துபோகும்.

கயாக் நீர்மட்டத்தை ஒட்டியே மிதக்கும். அலைக்கு அலை ரீல் நனையும். விலை குறைந்த பெய்ட்காஸ்டிங் ரீலில் பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். துருவைத் தாங்கும் நான்கு பேரிங், சாதாரணமான பத்தைவிட மேல். பித்தளைப் பல்சக்கரம், அலுமினியச் சட்டம், கார்பன் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விடும் பிரேக்): காசு இங்கேதான் போக வேண்டும்.

கடையில் நரம்பை மெல்ல இழுத்தாலே டிராக்கின் தரம் தெரிந்துவிடும். வெட்டி வெட்டி வந்தால் வேண்டாம்.

கரையேறியதும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவ வேண்டும். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். வீடு திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வழியிலேயே உப்பு காய்ந்து படிந்துவிடும்.