சாரலுக்கு எந்தச் சட்டை?

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையேறியதும், அதில் ஒரு பங்கு ஆரியங்காவுக் கணவாய் வழியே தமிழக எல்லையிலுள்ள புளியறைக்கு வந்துவிடும். மேற்குச் சரிவில் பெருமழையைக் கொட்டிவிட்டு வரும் அந்தக் காற்று, நம் பக்கத்தில் பொடிச் சாரலாகத் தூவுகிறது. தென்காசி வட்டாரத்துக் காற்றாலைகள் சுழல்வதும் இந்தக் கணவாய்க் காற்றால்தான். சீசனுக்குக் குற்றாலம் வந்து, அப்படியே மலைப்பக்கம் நடக்கப் போகிறவர்களுக்குப் பல் கிட்டிப்போகிறது. வெப்பமானியைப் பார்த்தால் 24 டிகிரிதான் இருக்கும். வீட்டில் ஏ.சி.யை அதே 24-இல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

வித்தியாசம் ஈரத்தில் இருக்கிறது. உலர்ந்த துணிக்குள் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான் நம்மைக் கதகதப்பாக வைக்கிறது. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், அது காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு, ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வேண்டும். பருத்திச் சட்டையும் வேட்டியும் சேர்ந்து அரை லிட்டர் ஈரத்தைக் குடித்திருந்தால், அது உலர 290 கிலோகலோரி. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு நாலு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் அது. அத்தனையும் உடம்பிலிருந்தே போகாது என்றாலும், பெரும்பங்கு அங்கிருந்துதான் போகும். கணவாய்க் காற்று அந்த வேலையை விரைவுபடுத்தும். ஆயிரம் மீட்டர் ஏறினால் இன்னும் 6 டிகிரி குறையும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது ஆபத்தான நிலை. அதற்குப் பனிமலை தேவையில்லை. நனைந்த உடையும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் 10, 15 டிகிரியிலேயே அது நேரலாம்.

வெயிலுக்குப் பருத்தியை மிஞ்ச எதுவும் இல்லை. சாரலில் அதே பருத்தி நம்மைக் கைவிடுகிறது. அதன் இழை ஈரத்தை உள்ளுக்குள் இழுத்து ஊதிக்கொள்ளும். பாலியஸ்டர் இழை தன் எடையில் அரை சதவீத ஈரத்தைக்கூட உள்ளே விடாது. தண்ணீர் நூல்களுக்கு நடுவே மட்டும் நிற்பதால், பிழிந்தால் போய்விடும். கம்பளி தனி ரகம்: தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கியும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் மழையில் தலைமேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறித்ததில் இந்த அறிவியல் இருக்கிறது.

மலையேற்ற நூல்கள் மூன்று அடுக்கு சொல்கின்றன: வியர்வையைக் கடத்த உடம்போடு ஒட்டிய மெல்லிய துணி, வெப்பத்தைப் பிடிக்க பிளீஸ் என்னும் பொசுபொசுப்பான செயற்கைத் துணி அல்லது கம்பளி, காற்றையும் மழையையும் தடுக்க மேலுறை. இமயமலைக்கு இது சரி. புளியறைக்கு இதை அப்படியே கொண்டுவருவதை நான் ஒப்பமாட்டேன்.

1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் உருவாக்கிய 'கோர்-டெக்ஸ்' போன்ற சவ்வுகளின் துளைகள் மழைத்துளியைவிட ஏறக்குறைய 20,000 மடங்கு சிறியவை. நீராவி மூலக்கூறைவிடப் பெரியவை. மழை நுழையாது, வியர்வை ஆவி வெளியேறும். ஆனால் ஆவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவியழுத்த வேறுபாடுதான். வெளியே பூஜ்ய டிகிரி என்றால் அந்த வேறுபாடு ஏறக்குறைய 5 கிலோபாஸ்கல். ஈரம் ததும்பும் 24 டிகிரிச் சாரலில் அதில் பாதிதான். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஜாக்கெட்டுக்குள் ஏற்றத்தில் வியர்த்துக் குளிக்க நேர்வது இதனால்தான். மழை உள்ளே வராவிட்டாலும் சட்டை நனைந்துவிடும்.

நம் மலைக்கு என் தேர்வு எளிது. உடம்பில் மெல்லிய பாலியஸ்டர் பனியன். அகலமான பாதையில் குடை. பக்கங்களில் காற்று தாராளமாகப் புகும். குடை விரிக்க முடியாத ஒடுங்கிய தடத்திலும் காற்று அறையும் முகட்டிலும் மட்டும் மேலுறை. பிளீஸைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்துவிடுங்கள். ஏறும்போது அதைப் போட்டால் வியர்வையில் நனைந்து வீணாகும். நின்று இளைப்பாறும்போது, உடம்பு ஆறுவதற்கு முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும்.

கார்த்திகையில் புளியறையைக் கடந்து ஆரியங்காவுக்கும் அச்சன்கோவிலுக்கும் போகும் ஐயப்ப பக்தர்கள் வேட்டியை மாற்றிப் பாலியஸ்டர் உடுத்தப் போவதில்லை, வேண்டியதும் இல்லை. இருமுடியோடு ஒரு மாற்று வேட்டியும் துண்டும் தண்ணீர் புகாத பைக்குள் இருந்து, தங்குமிடம் சேர்ந்த கையோடு மாற்றிக்கொண்டால் போதும்.