செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கார்... கட்டுப்படியாகுமா?

‘பெட்ரோல் போட்டு மாளவில்லை. மூன்று வருடம் ஓடிய எலெக்ட்ரிக் கார் ஒன்று ஆறரை லட்சத்துக்கு வருகிறது. தைரியமாக வாங்கலாமா?’

டீக்கடையிலும் பால் சொசைட்டி வாசலிலும் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ‘வாங்கிவிட்டால் செலவே இல்லை’ என்பார் ஒருவர். ‘பேட்டரி போனால் காரே போச்சு’ என்று பயமுறுத்துவார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், முடிவைச் சொல்ல வேண்டியது உங்கள் வீட்டுக் கணக்கு. ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிலோமீட்டர் கணக்கு

எலெக்ட்ரிக் கார் பேட்டரியின் கொள்ளளவை ‘கிலோவாட் ஹவர்’ என்று சொல்வார்கள். நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டும் அதுவும் ஒன்றுதான். டாடா டியாகோ எலெக்ட்ரிக் காரில் 19.2 யூனிட், 24 யூனிட் என இரண்டு வகை பேட்டரிகள் வந்தன. 24 யூனிட் பேட்டரி உள்ள ஒரு பழைய கார், நம் ஊர்ச் சாலையில் ஏ.சி போட்டு 180 கி.மீ ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் மின்சாரம் வீணாகும் என்பதால், மீட்டரில் சுமார் 27 யூனிட் ஓடும். யூனிட் சராசரியாக 8 ரூபாய் என்றால் 216 ரூபாய். அதாவது, கிலோமீட்டருக்கு 1.20 ரூபாய்.

லிட்டருக்கு 16 கி.மீ தரும் பெட்ரோல் கார், பெட்ரோல் 100 ரூபாய் விலையில், கிலோமீட்டருக்கு 6.25 ரூபாய் கேட்கும். மிச்சம் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். எலெக்ட்ரிக் காரின் லாபம் பெரும்பாலும் இந்த 5 ரூபாயில்தான் இருக்கிறது. ஓடினால்தான் மிச்சம், ஷெட்டில் நின்றால் ஒன்றுமில்லை.

இப்போது விலை வித்தியாசத்தைப் பாருங்கள். அதே அளவுள்ள பழைய பெட்ரோல் கார் நாலரை லட்சத்துக்குக் கிடைக்கிறது, எலெக்ட்ரிக் கார் ஆறரை லட்சம் என்றால், நீங்கள் கூடுதலாகப் போடுவது 2 லட்சம். அது எப்போது திரும்பி வரும்?

மாதம் 500 கி.மீ ஓடினால்: மிச்சம் 2,500 ரூபாய். 2 லட்சம் திரும்பி வர 6 வருடம் 8 மாதம் ஆகும்.

மாதம் 1,000 கி.மீ ஓடினால்: மிச்சம் 5,000 ரூபாய். 3 வருடம் 4 மாதம் ஆகும்.

மாதம் 1,500 கி.மீ ஓடினால்: மிச்சம் 7,500 ரூபாய். 2 வருடம் 3 மாதத்தில் வந்துவிடும்.

இதோடு பேட்டரி வாரன்டியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல கார்களுக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை வாரன்டி. இந்த 8 வருடம் முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து ஓடும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மூன்று வருடம் ஓடிய காரென்றால், மீதி 5 வருடம். அதற்குள் போட்ட பணம் திரும்ப வேண்டுமானால், மாதம் குறைந்தது 670 கி.மீ ஓட வேண்டும்.

இது கையில் இருக்கும் பணத்தில் வாங்குபவர்களுக்கான கணக்கு. அந்த 2 லட்சத்தையும் 12 சதவிகித வட்டிக்கு 5 வருடக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 4,450 ரூபாய். அப்போது மாதம் 900 கி.மீ ஓடினால்தான் கைக்கும் கணக்குக்கும் சரியாக இருக்கும். 500 கி.மீ மட்டும் ஓடுபவர், மாதாமாதம் 2,000 ரூபாய் அளவுக்குக் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.

எனவே, வாரச் சந்தைக்கும் கல்யாணம், காதுகுத்துக்கும் மட்டும் கார் எடுக்கும் குடும்பத்துக்கு இந்தக் கார் லாபமில்லை. தினமும் டவுனுக்கு வேலைக்குப் போய் வருபவர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருபவர், தினம் 40, 50 கி.மீ ஒரே பாதையில் ஓடுபவர்... இவர்களுக்கு நன்றாகவே கட்டுப்படியாகும். ஒரு நிபந்தனை, வீட்டில் சார்ஜ் போட வசதி வேண்டும். வெளியில் சார்ஜ் போட்டு, யூனிட்டுக்கு 20 ரூபாய் கொடுத்தால், கிலோமீட்டர் செலவு 3 ரூபாய் அளவுக்குப் போய்விடும்.

விற்பவர் சொல்லும் விலை

‘நான் வாங்கும்போது இவ்வளவு கொடுத்தேன்’ என்று விற்பவர் பழைய பில்லைக் காட்டுவார். அதை வைத்துப் பேரம் பேசாதீர்கள். 2024 பிப்ரவரியில் டாடா நிறுவனம் நெக்ஸான் எலெக்ட்ரிக் காரின் விலையை 1.20 லட்சம் வரையும், டியாகோ எலெக்ட்ரிக் காரின் விலையை 70,000 ரூபாய் வரையும் குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. ஆகவே, புது எலெக்ட்ரிக் கார், புது பெட்ரோல் கார் இரண்டின் இன்றைய விலையையும் ஷோரூமில் கேட்டுக்கொண்டு, அதன்பிறகு பழைய காருக்கு விலை பேசுங்கள்.

பேட்டரிதான் காரின் பாதி உயிர்

மாடு வாங்கும்போது பல்லைப் பார்ப்போம், மடியைப் பார்ப்போம். இந்தக் காரில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். வாரன்டி முடிந்தபிறகு பேட்டரி கெட்டால், மாற்றுவதற்கு லட்சக்கணக்கில் செலவாகும்.

* கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் காரை எடுத்துச் சென்று, பேட்டரி ஆரோக்கியம் எத்தனை சதவிகிதம் என்று எழுத்தில் வாங்குங்கள். அதைக் கொடுக்க மறுக்கும் வியாபாரியிடம் வாங்க வேண்டாம்.

* வாரன்டி இரண்டாவது உரிமையாளருக்கும் உண்டா, சர்வீஸ் தவறியதால் ரத்தாகியிருக்கிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

* முழு சார்ஜ் போட்டு, 60 சதவிகிதம் வரும்வரை ஓட்டிப் பாருங்கள். 40 சதவிகிதத்துக்கு 70 கி.மீ ஓடினால், முழு சார்ஜுக்கு 175 கி.மீ. டேஷ்போர்டு காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். ஓடிய கிலோமீட்டரை நம்புங்கள்.

* நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பச்சை பிளேட்டில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த உபயோகம். மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. வாடகை வண்டி அதிகம் ஓடியிருக்கும். ஃபாஸ்ட் சார்ஜிங்கும் அதிகம் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. சொந்த உபயோகத்துக்கு மாற்ற ஆர்.டி.ஓ அலுவலக நடைமுறையும் இருக்கிறது.

* சென்னைப் பதிவெண் என்றால், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று விசாரியுங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரம் கேட்டால் தெரிந்துவிடும். சீட்டுக்கு அடியில் துரு, சேற்று வாடை இருந்தால் விட்டுவிடுங்கள்.

* ரேவா, மஹிந்திரா இ2ஓ போன்ற, தயாரிப்பு நின்றுபோன கார்கள் மலிவாக வரும். பேட்டரிக்கும் உதிரி பாகத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். மலிவு என்பதற்காக மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பேரம் முடிந்ததும் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றம் செய்யுங்கள். கார் மீது கடன் இருந்திருந்தால், படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கேட்டு வாங்குங்கள். எலெக்ட்ரிக் காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் 15 சதவிகிதத் தள்ளுபடி உண்டு. பிரீமிய ரசீதில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடிக்கடி வரும் கேள்விகள்

தோட்டத்து மோட்டார் இணைப்பில் சார்ஜ் போடலாமா?

கூடவே கூடாது. பம்ப்செட்டுக்கான இலவச மின்சாரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது விதிமீறல். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன்படி இரு மடங்கு கட்டணம் விதிக்கலாம். சில மாத மிச்சத்துக்கு ஆசைப்பட்டு, காலமெல்லாம் கைகொடுக்கும் இணைப்பைச் சிக்கலில் மாட்ட வேண்டாம்.

வீட்டு கரன்ட் பில் எகிறிவிடாதா?

ஏறும். மாதம் 1,500 கி.மீ ஓடினால், இரண்டு மாத பில்லில் சுமார் 450 யூனிட் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும். அதையும் மனதில் வைத்துதான், சராசரி 8 ரூபாய் என்று போட்டிருக்கிறோம். உங்கள் பழைய பில்லை எடுத்து, இந்த யூனிட்டைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

சாதாரண பிளக்கில் சார்ஜ் ஏறுமா?

15 ஆம்பியர் பிளக் வேண்டும். 24 யூனிட் பேட்டரி நிறைய 9 மணி நேரம் வரை ஆகும். மீட்டரிலிருந்து தனி ஒயர், நல்ல எர்த் இரண்டும் அவசியம். பழைய ஒயரிங், லோ வோல்டேஜ் உள்ள வீடென்றால், காருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லிப் பாருங்கள். அந்தச் செலவையும் காரின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் காருக்கு ஜி.எஸ்.டி உண்டா?

தனிநபர் தனிநபருக்கு விற்றால் கிடையாது. பதிவுபெற்ற டீலர் விற்றால், அவருக்குக் கிடைக்கும் லாபத் தொகைக்கு மட்டும் 18 சதவிகிதம். முழு விலைக்கும் வரி கேட்டால், பில் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த ஒரு மாதம், வீட்டுக்கு யார், எங்கே, எத்தனை கிலோமீட்டர் போய் வருகிறார்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். 1,000-ஐத் தாண்டினால், நல்ல பேட்டரி உள்ள காரைத் தேடுங்கள். 700-க்குக் கீழே என்றால், அந்த 2 லட்சம் ஒரு கறவை மாட்டிலோ, சொட்டுநீர்க் குழாயிலோ இருந்தால் உங்களுக்கு அதிகம் உதவும்.