கேட்காமலே திருத்தும் கணிப்பொறி

நம் சங்கத்தின் ஆண்டு மலர்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த அன்பர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. "தமிழ்" என்று அடிப்போம். அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் திரையில் "துமிழ்" என்று நிற்கும். "கடை" என்று அடித்தால் "குடை" ஆகிவிடும். பேய் வேலை என்று சிரித்துக்கொண்டே திருத்துவோம். அது மறுபடியும் மாற்றும்.

காரணம் எளிது. பாமினியில் சிறிய "ஜே" அடித்தால் "த" வரும். பெரிய "ஜே" அடித்தால் "து" வரும். சிறிய "எஃப்" என்றால் "க", பெரிய "எஃப்" என்றால் "கு". மைக்ரோசாஃப்ட் வேர்டில் 1993ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பிலிருந்து "ஆட்டோ கரெக்ட்" என்றொரு வசதி உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தை அது தானாகவே பெரிய எழுத்தாக்கும். ஆங்கிலத்துக்கு அது உதவி. நம் எழுத்துருவில் அடிப்பதும் ஆங்கிலம்தான் என்று எண்ணி, தமிழையும் அது "திருத்தியது". அந்த ஒரு வசதியை அணைத்ததும் பேய் போய்விட்டது.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கணிப்பொறி நிரல் எழுதுகிறார்கள். அவர்களுக்கும் இதே தொல்லை வேறு வடிவத்தில் வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அக்கா மகனின் தொலைபேசி

எங்கள் ஊர் கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டம், முதலமடை ஊராட்சி. பொள்ளாச்சி போகும் பாதையில் கேரளம் முடியும் இடம். அங்கிருந்து என் அக்கா மகன் ஒரு சனிக்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்தான். குரல் சரியில்லை.

"மாமா, நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் பண்றோம். திங்கட்கிழமை கொடுக்கணும். நான் ரெண்டே வரிதான் மாத்தினேன். ஆனா அறுநூறு வரி மாறியிருக்குன்னு காட்டுது. அவங்க எழுதினதை எல்லாம் நான் அழிச்சு எழுதிட்டேன்னு சண்டை போடறாங்க. இனிமே உன்னோட சேர மாட்டோம்ங்கறாங்க."

பையன் பொய் சொல்லவில்லை. நண்பர்கள் சொன்னதும் பொய்யில்லை. அறுநூறு வரிகள் உண்மையிலேயே மாறியிருந்தன. மாற்றியது அவன் அல்ல, அவனுடைய எடிட்டர்.

இது எதற்காக வந்த வசதி?

நிரல் எழுதும் எடிட்டர்களில் "ஃபார்மேட்டர்" என்றொரு கருவி இயங்கும். வரியின் தொடக்கத்தில் எத்தனை இடைவெளி, மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா, நீண்ட வரியை எங்கே மடிப்பது என்பதையெல்லாம் ஒரே சீராக்குவது அதன் வேலை. கூகுள் 2009இல் "கோ" மொழியை வெளியிட்டபோது அதனுடனேயே இப்படியொரு கருவியைக் கொடுத்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017இல் "பிரிட்டியர்" வந்தது. பைத்தானுக்கு 2018இல் "பிளாக்" வந்தது. பத்துப் பேர் எழுதினாலும் ஒருவர் எழுதியதுபோல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆனால் கேட்காமல் செய்யும் உதவி சில இடங்களில் உபத்திரவமாகும். "மேக்ஃபைல்" எனப்படும் கோப்பில் கட்டளை வரிகள் டேப் விசையில்தான் தொடங்க வேண்டும். டேப்பை இடைவெளிகளாக மாற்றினால் அது வேலை செய்யாது. "யாமல்" கோப்பில் இதற்கு நேர்மாறு. வரியை உள்ளே தள்ள டேப்பைப் பயன்படுத்தவே கூடாது. "மார்க்டவுன்" கோப்பில் வரியின் இறுதியில் விடும் இரண்டு இடைவெளிகளுக்கு "அடுத்த வரிக்குப் போ" என்று பொருள். சுத்தம் செய்கிறேன் என்று அவற்றை நீக்கினால் இரண்டு வரிகள் ஒன்றாகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு கூட்டு வேலையில்தான். அறுநூறு வரி மாற்றத்துக்குள் உண்மையான இரண்டு வரி மாற்றம் ஒளிந்துகொள்கிறது. அதில் தவறு இருந்தால் யார் கண்ணிலும் படாது.

எந்தச் சாவடி?

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு ஓர் உவமை சொல்கிறேன். அந்தக் காலத்தில் கோவிந்தாபுரத்தைக் கடக்கும் லாரிக்கு ஒரு சோதனை மட்டும் அல்ல. வணிகவரிக்காரர் ஒருபுறம், மோட்டார் வாகனத்துறை ஒருபுறம், எக்சைஸ் ஒருபுறம். (2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடி போய்விட்டது.) லாரி நின்றுவிட்டால் அனுபவமுள்ள ஓட்டுநர் பொதுவாகச் சத்தம் போடமாட்டார். எந்தச் சாவடி நிறுத்தியது, எந்தக் காகிதம் கேட்டது என்றுதான் முதலில் பார்ப்பார்.

நிரலும் பல சாவடிகளைக் கடந்துதான் போகிறது. எனவே முதல் கேள்வி: நிரல் எப்போது மாறுகிறது? ஓர் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட "விஷுவல் ஸ்டூடியோ கோட்" எடிட்டரைப் பலர் பயன்படுத்துவதால் அதை வைத்தே சொல்கிறேன்.

1. தட்டச்சு செய்யும்போதே மாறினால்: அமைப்புகள் பக்கத்தில் "ஃபார்மட் ஆன் டைப்" என்று ஆங்கிலத்தில் தேடி அணைக்க வேண்டும்.

2. வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது மாறினால்: "ஃபார்மட் ஆன் பேஸ்ட்".

3. சேமிக்கும்போது மாறினால்: "ஃபார்மட் ஆன் சேவ்". அதை அணைத்தும் மாறினால் "கோட் ஆக்ஷன்ஸ் ஆன் சேவ்", "டிரிம் டிரெய்லிங் ஒயிட்ஸ்பேஸ்" என்ற இரண்டையும் பாருங்கள்.

4. எடிட்டரில் மாறாமல், "கிட்" வழியாகப் பதிவு செய்யும்போது மாறினால்: குற்றம் எடிட்டரில் இல்லை. பதிவுக்கு முன் இயங்கும் சிறு நிரல் ஒன்றைக் குழுவில் யாராவது வைத்திருப்பார்கள்.

5. கோப்பின் எல்லா வரிகளும் மாறியதாகக் காட்டி, கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாவிட்டால்: அது வரி முடிவுக் குறியாக இருக்கலாம். விண்டோஸ் வரியின் முடிவில் இரண்டு குறிகள் இடும். லினக்ஸ் ஒன்றுதான் இடும்.

அணைத்த பிறகும் அடங்காவிட்டால்

பலர் தடுமாறும் இடம் இதுதான். உங்கள் சொந்த அமைப்பில் "வேண்டாம்" என்று சொல்லியிருப்பீர்கள். ஆனால் திட்டக் கோப்புறைக்குள் தனியாக ஓர் அமைப்புக் கோப்பு இருந்து, அது "வேண்டும்" என்று சொன்னால் அதன் சொல்தான் நிற்கும். அதற்கும் மேலே ஒன்று உண்டு. "பைத்தானுக்கு மட்டும்" என்பதுபோல் ஒரு மொழிக்கென்று எழுதிய விதி, பொதுவாக எழுதிய விதியை மீறும். ஆகவே மூன்று இடங்களையும் பார்க்க வேண்டும்: சொந்த அமைப்பு, திட்டத்தின் அமைப்பு, மொழிக்கான அமைப்பு.

இன்னும் பிடிபடவில்லை என்றால் இணைப்பு மென்பொருள்களில் ஒன்றன் வேலையாக இருக்கலாம். இதற்கென்றே "ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்" என்ற கட்டளை இருக்கிறது. இணைப்புகளில் பாதியை நிறுத்திவிட்டு, "இப்போது தொல்லை உண்டா?" என்று கேட்கும். நீங்கள் சொல்லும் விடைக்கேற்ப மிச்சத்தை மறுபடி பாதியாக்கும். இருபது இணைப்புகள் இருந்தாலும் ஏறக்குறைய ஐந்து கேள்விகளில் ஆள் அகப்பட்டுவிடும்.

அவசரத்துக்கு ஒரு வழியும் உண்டு. "சேவ் வித்தவுட் ஃபார்மேட்டிங்" என்ற கட்டளை அந்த ஒரு முறை மட்டும் திருத்தாமல் சேமிக்கும்.

சனிக்கிழமை இரவு நடந்தது

பையன் ஒரு யூடியூப் பாடத்தைப் பார்த்து ஃபார்மேட்டர் ஒன்றைப் போட்டிருந்தான். நண்பர்கள் இரண்டு இடைவெளி விட்டு, ஒற்றை மேற்கோள் குறியில் எழுதியிருந்தார்கள். அவனுடைய எடிட்டர் எல்லாவற்றையும் நான்கு இடைவெளியாகவும் இரட்டை மேற்கோளாகவும் ஆக்கிவிட்டது. பழைய கோப்பைக் கிட்டிலிருந்து மீட்டு, தன் இரண்டு வரிகளை மட்டும் மறுபடி எழுதி, திருத்தாமல் சேமிக்கச் சொன்னேன். செய்தான். இப்போது மாற்றம் மூன்று வரி என்று காட்டியது. மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், முதல் முறை எழுதும்போது செய்ததுபோலவே, அவசரத்தில் நண்பன் எழுதிய ஒரு வரியை அழித்திருந்தான். அறுநூறுக்குள் அது யாருக்கும் தெரிந்திருக்காது. திங்கட்கிழமை ஆசிரியர் முன்னால்தான் தெரிந்திருக்கும்.

குழுவுக்கு ஒரே விதி

அணைப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. ஆளுக்கொரு விதி வைத்திருப்பதே சண்டைக்குக் காரணம். இடைவெளி எத்தனை, வரி முடிவு எப்படி என்று நான்கு பேரும் பேசி முடிவு செய்து, "எடிட்டர்கான்ஃபிக்" என்ற கோப்பில் எழுதித் திட்டத்துக்குள்ளேயே வைக்கலாம். பெரும்பாலான எடிட்டர்கள் நேரடியாகவோ, இணைப்பு ஒன்றின் உதவியாலோ அதைப் படிக்கும். ஃபார்மேட்டர் வேண்டும் என்றால் எல்லாரும் ஒரே ஃபார்மேட்டரை, ஒரே அமைப்புடன் போடட்டும். பழைய கோப்புகளைச் சீராக்குவதைத் தனிப் பதிவாகச் செய்யட்டும். அதில் வேறு எந்த மாற்றமும் கலக்க வேண்டாம். கலந்தால் பிறகு பிரிக்க முடியாது.

பெற்றோருக்கு ஒரு சொல். நிரலை வேர்டில் தட்டச்சு செய்து பிள்ளைகள் நண்பர்களுக்கு அனுப்புவதைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். நேரான மேற்கோள் குறியை வேர்டு வளைந்த குறியாக மாற்றிவிடும், நிரல் ஓடாது. பையன் இரவெல்லாம் தன் அறிவையே நொந்துகொண்டு உட்கார்ந்திருப்பான்.

அக்கா மகனும் அன்றிரவு முதலில் சொன்னது, "எனக்கு இந்தப் படிப்பு வராது போல, மாமா" என்பதுதான். வெளியூரில் இருக்கும் நாம் இப்படிப்பட்ட தொலைபேசியை எடுக்கும்போது, யார் தவறு என்று கேட்பதற்கு முன், "எப்போது மாறுகிறது, பார்த்தாயா?" என்று கேட்டுப் பழகுவோம். திங்கட்கிழமை நால்வரும் சேர்ந்தே புராஜெக்டைக் கொடுத்தார்கள்.