சட்டம் இசைந்த சூதும் முதலீட்டாளர் நிலையும்

திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் அமைத்தார். சூது தனியொருவனின் ஒழுக்கத்தை மாத்திரமன்றி நாட்டின் பொருணிலையையும் பற்றியது என்பது இவ்வைப்பு முறையாற் புலனாகும். முன்னாளிற் சூதாடுவோரும் சூதாட்டுவோருமே களத்தில் இருந்தனர். இன்றோ களத்தைக் கண்ணாலும் காணாத பங்குதாரரும், வரி பெறும் அரசாங்கமும் அதிற் பங்கு கொள்கின்றனர். மின்திரையிற் சூதாடும் பொறிகளைச் சட்டம் அனுமதித்தல் தகுமா என்னும் வாதம் ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. அவ்வனுமதியை நம்பிப் பணமிட்டோரின் நிலை யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். திரையிற் சீட்டுகளோ சுழலும் உருவங்களோ தோன்றினும், வெற்றி தோல்வியை முடிவு செய்வது உள்ளேயிருக்கும் கணிப்பு முறையே. நூறு டொலருக்குச் சராசரியாகத் தொண்ணூறு டொலரைத் திருப்பித் தருமாறு அமைந்த பொறியொன்றைக் கருதுக. ஆடுவோன் பத்து டொலர் இழப்போடு எழுந்து செல்வானாயின் கேடு சிறிதே. ஆனால் அவன் தொண்ணூறையும் மீண்டும் வைக்கின்றான், அது எண்பத்தொன்றாகின்றது, மறுபடியும் வைக்க, எழுபத்து மூன்றிற்கும் குறைகின்றது. ஓராட்டத்திற் கிடைக்கும் அதிட்டம் ஒருவனை உயர்த்தலாம். பல்லாயிரம் ஆட்டங்களிற் கணக்குத் தவறுவதில்லை. முதலீட்டாளர் நம்புவது இக்கணக்கையே.

இலினோய் மாநிலம் 2009 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இப்பொறிகளுக்குச் சட்ட அனுமதி வழங்கியது. பாலங்களும் தெருக்களும் பாடசாலைகளும் அமைப்பதற்கென வகுக்கப்பட்ட 31 பில்லியன் டொலர்த் திட்டத்துக்குப் பணந்தேடும் வழிகளுள் இதுவும் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. மதுச்சாலைகள், உணவகங்கள், பாரவண்டித் தரிப்பிடங்கள் முதலியவற்றிற் பொறிகளை வைக்கலாம் என்றும், மதுச்சாலை ஒன்றில் ஐந்துக்கு மேற்படலாகாது என்றும் விதி செய்யப்பட்டது. விரும்பாத நகரங்கள் விலகிக்கொள்ளவும் இடமிருந்தது. பொறிகள் இயங்கத் தொடங்கிய காலத்திற் சிக்காகோ நகரம் அவற்றுக்கு இடமளிக்கவில்லை.

வாதம் இரு பக்கத்தாலும் வலுவுடையதே. மறைவாக நடந்த சூதினை வெளிப்படுத்தி வரி விதித்தல் நன்றென்றும், நலிந்த சிறு வணிகருக்கு அது கைகொடுக்கும் என்றும் ஆதரித்தோர் கூறினர். வீட்டுக்கு அண்மையிலேயே பொறியிருப்பின் அதற்கு அடிமையாவோர் பெருகுவர் என்றும், பிறர் இழப்பிலிருந்து பாலங்கட்டுதல் அரசுக்கு அழகன்று என்றும் எதிர்த்தோர் உரைத்தனர். 2011 ஆம் ஆண்டு சனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இச்சட்டம் செல்லாதென்றது. அதே ஆண்டு யூலையில் மாநில உச்ச நீதிமன்றம் செல்லுமென்றது. பொறிகள் ஆட்டத்துக்கு வந்ததோ 2012 ஒற்றோபரில். சட்டம் பிறந்ததற்கும் வருவாய் பிறந்ததற்கும் இடையே மூன்று ஆண்டுகள் கழிந்தன. முன்கூட்டியே பணமிட்டோர் அக்காலம் முழுவதும் நீதிமன்ற வாயிலை நோக்கியிருக்க வேண்டியதாயிற்று.

வருவாய்ப் பங்கீடு கவனிக்கத் தக்கது. ஆடுவோர் இழந்த தொகையில் நூற்றுக்கு 30 தொடக்கத்தில் வரியாயிருந்தது. அதில் 25 மாநிலத்துக்கும் 5 உள்ளூராட்சிக்கும் உரியவையாயிருந்தன. எஞ்சியதைப் பொறி வைத்த கம்பனியும் இடங்கொடுத்த கடைக்காரரும் சமமாகப் பிரித்துக்கொள்வர். இவ்வாறு வளர்ந்த கம்பனிகளுள் ஒன்றான அக்செல் என்பது 2019 நவம்பரில் நியூயோர்க் பங்குச் சந்தையிற் பதிவாயிற்று. ஆயின் ஒருவருக்கு வந்த செல்வம் மற்றொருவரை விட்டு நீங்கியது. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த படகுச் சூதாட்ட மனைகளில் முதலிட்டோர் தம் வருவாய் குன்றக் கண்டனர். 2019 ஆம் ஆண்டில் மாநிலத்தின் பத்து மனைகளும் ஈட்டிய தொகையினும் மதுச்சாலைப் பொறிகள் ஈட்டிய தொகை மிகுந்து நின்றது. வரியும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அது 2019 இல் 33 ஆகவும், 2020 இல் 34 ஆகவும், 2024 இல் 35 ஆகவும் உயர்ந்தது. 2019 இல் ஆட்டப்பணத்தின் உச்ச அளவு இரண்டு டொலரிலிருந்து நான்காக உயர்த்தப்பட்டமையால் கம்பனிகளும் பயன்பெற்றன. எனினும், கொடுப்பதும் எடுப்பதும் சட்டமன்றத்தின் கையிலேயே உள்ளன என்பது தெளிவாயிற்று.

முற்றாக எடுத்தலும் நிகழ்ந்ததுண்டு. தென் கரோலினா மாநிலத்திற் கடைதோறும் பொறிகள் பரவியிருந்தன. அவற்றைத் தொடர்வதா நிறுத்துவதா என மக்கள் வாக்கினால் முடிவு செய்ய 1999 இற் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஒற்றோபரில் மாநில உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்புப் பகுதியைச் செல்லாதெனத் தள்ளி, தடைப்பகுதியை நிலைபெறச் செய்தது. 2000 ஆம் ஆண்டு யூலை 1 முதல் பொறிகள் அங்கே சட்டவிரோதமாயின. நேற்று வரை செல்வமாயிருந்தது ஒரு நாளில் அம்மாநிலத்தில் வைத்திருக்கவும் கூடாத பொருளாயிற்று.

அரசு தந்த அனுமதி ஓர் ஒப்பந்தமன்றோ, அதனை மீறலாமோ எனச் சிலர் வினவுவர். இதற்கு 1880 ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் விடை கூறியுள்ளது. மிசிசிப்பி மாநிலம் 1867 இல் ஒரு லொத்தர்க் கம்பனிக்கு 25 ஆண்டு உரிமை வழங்கிப் பின்னர் லொத்தரைத் தடுத்தது. மக்களின் நலத்தையும் ஒழுக்கத்தையும் காக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமன்றமும் விலைபேசிக் கைவிட இயலாதென்றும், அத்தகைய உரிமை மீளப்பெறத்தக்க அனுமதியே என்றும் நீதிமன்றம் தீர்த்தது.

பிரித்தானியாவிலும் இதையொத்த மாற்றம் நேர்ந்தது. பந்தயக் கடைப் பொறிகளில் ஓராட்டத்துக்கு நூறு பவுண் வரை வைக்கலாம் என்றிருந்த எல்லை, 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு பவுணாகக் குறைக்கப்பட்டது. சில மாதங்களில் வில்லியம் ஹில் நிறுவனம் ஏறக்குறைய 700 கடைகளை மூடவிருப்பதாக அறிவித்தது. பங்குதாரரோடு, சூதாடாத கடை ஊழியரும் அதன் விளைவைத் தாங்க நேர்ந்தது.

இவற்றால் அறியப்படுவன இரண்டு. பொறியின் கணக்கு உறுதியாயினும் அனுமதியின் ஆயுள் உறுதியன்று. ஆகவே மேசையருகே அமராத முதலீட்டாளரும் ஒருவகையில் ஆடுவோரேயாவர். மற்றது, வரியை நம்பி வாழப் பழகிய அரசு நடுநிலை நீதிபதியாதல் அரிது. தடைசெய்ய முனையுந்தோறும் தன் கருவூலத்தையே அது நோக்க வேண்டியிருக்கும். நிலத்திலோ ஆலையிலோ இட்ட பணம் புதுப்பொருளை விளைவிக்கும். சூதுப்பொறியில் இட்ட பணமோ ஒருவர் மடியிலிருப்பதை மற்றொருவர் மடிக்கு மாற்றுவது. இலாபம் எவ்வளவு என வினவுவோர், அது எவருடைய இழப்பினின்று வருகின்றது, எத்துணைக் காலம் பொறுக்கப்படும் என்பவற்றையும் சேர்த்து வினவுதல் வேண்டும்.