சராப்புக் கடை இல்லாத ஊரில் பொற்காசு

போன கோடை விடுமுறைக்கு மும்பை வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன் ஒரு நாள் நோட்டும் பென்சிலுமாகக் கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். "தாத்தா, எங்க ஆட்டத்துல ஒரு சண்டை. டிராகனைக் கொன்னுட்டுப் பத்தாயிரம் பொற்காசோட ஒரு குக்கிராமத்துக்குப் போறாங்க. அங்கேயும் கோழி விலை அதே இரண்டு செப்புக் காசுதான்னு கூட்டாளிங்க சொல்றாங்க. விலை ஏறும்னு நான் சொல்றேன். யார் சொல்றது சரி?" என்றான். நாற்பது வருஷமாகப் பித்தளையும் செம்பும் எடை போட்டுக் காலம் தள்ளியவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஆட்டம் என்னவென்றே எனக்குத் தெரியாது. அவனுடைய புத்தகத்தை வாங்கி நான்கு இரவு படித்தேன். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் பிள்ளைகள் இதை ஆடுகிறார்கள் என்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆட்டத்தின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உண்டாக்கியது. ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் போர்வீரன், மந்திரவாதி என்று வேஷம் கட்டிப் பகடை உருட்டி ஆடுவார்கள். கிடைக்கிற புதையலில்தான் வாளும் கவசமும் வாங்க வேண்டும். ஆகவே காசுக் கணக்கு கட்டாயம் வந்துவிடுகிறது.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி பத்துச் செப்புக் காசு ஒரு வெள்ளிக் காசு. பத்து வெள்ளி ஒரு பொன். பத்துப் பொன் ஒரு பிளாட்டினம். நடுவில் எலெக்ட்ரம் என்று ஒன்று, ஐந்து வெள்ளிக்குச் சமம். எலெக்ட்ரம் கற்பனை இல்லை. பொன்னும் வெள்ளியும் இயற்கையாகவே கலந்து கிடைப்பது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே லிடியா நாட்டில் அதில் காசு அடித்தார்கள். ஆட்டத்து விலையைத் திருப்பிக் கணக்குப் போட்டால் அந்தக் காசில் ஒன்பது பங்குக்கு நான்கு பங்கு பொன் இருக்க வேண்டும். நம்பக்கூடிய கணக்குத்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எடைக் கணக்கு. எந்த உலோகமானாலும் ஐம்பது காசு ஒரு ராத்தல், அதாவது 453 கிராம். ஒரு ராத்தல் பொன்னின் விலை என்ன என்று பார்த்தால் சரியாக ஐம்பது பொற்காசு! வெள்ளிக்கும் செம்புக்கும் இதே பொருத்தம். அச்சடித்த கூலி கிடையாது, கலப்படம் கிடையாது. காசை உருக்கினாலும் அதே விலை. எந்த ராஜாவும் இவ்வளவு யோக்கியமாக நாணயசாலை நடத்தியிருப்பாரா, சந்தேகம்தான்.

ஆக ஒரு பொற்காசு 9 கிராம், நம் சவரனைவிட ஒரு கிராம் கூடுதல். இதை மனசில் வைத்துக்கொண்டு விலைப் பட்டியலைப் பாருங்கள். ஒரு ஆடு ஒரு பொன், பசு பத்துப் பொன். சாதாரணக் கூலியாளுக்கு நாள் சம்பளம் இரண்டு வெள்ளி. ஐந்து நாள் வேலை செய்தால் ஒரு சவரனுக்கு மேல் தங்கம்! ஒரு நாள் கூலியில் பத்துக் கோழி வாங்கலாம். ஆனால் மிளகு ராத்தல் இரண்டு பொன், பத்து நாள் கூலி. குழம்பில் கோழி நீந்தும், காரம்தான் இருக்காது. இரும்புத் தகட்டுக் கவசம் 1500 பொன். கூலியாள் ஒரு நாள் விடாமல் இருபது வருஷம் உழைக்க வேண்டும். ஆகவே இந்தக் காசின் மதிப்பைத் தங்கத்தை வைத்து அளக்கக் கூடாது, கூலியை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

தங்கம் ஏன் இத்தனை மலிவு? கைகாக்ஸே 1978-இல் எழுதிய விதிநூலில் காரணம் சொல்லியிருக்கிறார்: வீரர்கள் நடமாடும் இடம் தங்கவேட்டைக் காலத்து அலாஸ்கா ஊர்கள் மாதிரி, பணம் புரளும், அதனால் விலை எகிறும். அப்படியானால் என் பேரன் சொல்வதுதான் சரி. மாலி அரசர் மன்சா மூசா 1324-இல் கெய்ரோ நகரில் தங்கத்தை வாரி இறைத்ததில் அங்கே தங்கத்தின் மதிப்பு இறங்கிப்போய், பல வருஷம் நிமிரவில்லை என்று அல்-உமரி எழுதி வைத்திருக்கிறார். நூறு கூலியாட்கள் உள்ள கிராமத்தில் ஒரு நாள் கூலி மொத்தமே இருபது பொன். பத்தாயிரம் பொன் என்பது ஐந்நூறு நாள் கூலி. அது வந்து விழுந்த பிறகும் கோழி இரண்டு செப்புக் காசுக்கா கிடைக்கும்?

ஆட்டத்தின் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு உலோகத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள விகிதம் அங்கே அசைவதே இல்லை. 1978 விதிப்படி இருபது வெள்ளிக்கு ஒரு பொன். 1989 பதிப்பில் பத்தாக்கிவிட்டார்கள். ஒரு பேனாக் கோட்டில் வெள்ளிக்கு இரட்டை விலை! நிஜத்தில் இது நடக்காது. நம் நாட்டில் 1835 சட்டம் ஒரு தங்க மொஹருக்குப் பதினைந்து வெள்ளி ரூபாய் என்று வைத்தது. 1841-இல் அரசுக் கஜானாக்களும் அந்த விலைக்கே மொஹரை ஏற்றன. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் புதுத் தங்கம் வெட்டியெடுத்ததும் பஜாரில் தங்கம் இறங்கியது. ஜனங்கள் விடுவார்களா? மலிந்த தங்கத்தைக் கஜானாவில் கட்டிவிட்டு வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டார்கள். 1853 முதல் தங்கம் வாங்குவதையே சர்க்கார் நிறுத்தியது. அதற்கு முன்னால் சென்னையிலும் ஒரு வராகன் 42 பணம், ஒரு பணம் 80 காசு என்று ஏட்டில் இருந்ததே தவிர, பஜார் விகிதம் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அந்த வித்தியாசத்தில் பிழைத்தவர்தான் சராப்பு. உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, வட்டம் பிடித்துக்கொண்டு சில்லறை கொடுப்பார்.

இதையெல்லாம் பேரனிடம் சொல்லிவிட்டு, "உன் கிராமத்தில் ஒரு பொற்காசுக்குச் சில்லறை கொடுக்க யாருடா இருக்கிறார்கள்? ஐம்பது கோழியையா பிடித்துக் கொடுப்பார்கள்?" என்று கேட்டேன். எழுதிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் போன் செய்தான். ஆட்டத்தில் சந்தை மூலையில் ஒரு சராப்பை உட்கார வைத்தானாம். வட்டம் நூற்றுக்கு மூன்று. கூட்டாளிகள் ஒரு மணி நேரம் பேரம் பேசிப் பார்த்துவிட்டு, அடுத்த ஊரில் மாற்றிக்கொள்கிறோம் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம்.