பாட்டனுக்கு முந்தையவர் யார்?

பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவது தமிழர் வழக்கம். 'பெயரன்' என்னும் சொல்லே மருவிப் 'பேரன்' ஆயிற்று என்பர். இவ்வாறு பெயரிலேயே முன்னோரைச் சுமக்கும் நம்மில் பலருக்குப் பாட்டனுக்கு முந்தைய தலைமுறையின் பெயர் தெரியாது. தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கிறது. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடுகிறது. குடும்பப் பெயர் தலைமுறைதோறும் தொடரும் சமூகங்களைப் போல, ஒற்றைப் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்லும் வசதி நமக்கு இல்லை.

ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. நினைவும் ஆவணமும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே விலகுகின்றன என்பதை அறிந்துகொள்ளச் செஞ்சி நல்லதோர் எடுத்துக்காட்டு. செஞ்சி என்றதும் நினைவுக்கு வருபவர் தேசிங்குராஜன். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து 1714-இல் போர்க்களத்தில் மாண்ட இளைஞர் அவர். அந்தப் போருக்குக் கப்ப நிலுவையே காரணம் என்கின்றன வரலாற்று நூல்கள். கதைப்பாடலோ கணக்கைப் பேசவில்லை. மானத்தையும், இந்து அரசனுக்காக உயிர் கொடுத்த இசுலாமியத் தோழனின் நட்பையும் பேசுகிறது. இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட இயலாது. என்ன நடந்தது என்பதை ஆவணம் சொல்கிறது. எதை மறக்கக்கூடாது என்று மக்கள் கருதினர் என்பதைக் கதை சொல்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் என்பவர் எழுதிய 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' இவ்வகை நினைவுகளைத் திரட்டித் தந்தது. 1943-இல் செஞ்சி வரலாற்றை நூலாக்கிய பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரி அதை ஒதுக்கவில்லை. பிற சான்றுகளோடு ஒப்பிட்டுப் பயன்படுத்தினார். குடும்ப வரலாற்றைத் தேடுவோரும் பின்பற்ற வேண்டிய முறை இதுவே.

தேடலை வீட்டு முதியோரிடமிருந்து தொடங்க வேண்டும். குலதெய்வக் கோயில் எந்த ஊரில் உள்ளது, பாட்டி எந்த ஊரிலிருந்து மணமாகி வந்தார், எந்தப் பஞ்சத்தில் குடும்பம் இடம்பெயர்ந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். 'தாது வருஷப் பஞ்சத்தில் வந்தோம்' என்று ஒருவர் சொன்னால், அது 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சம் எனக் கணிக்கலாம். ஆனால், தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. 1936-இலும் தாது ஆண்டு வந்தது. ஆகவே பழைய ஜாதகத்திலோ ஓலையிலோ உள்ள ஆண்டை வேறொரு சான்றின் துணையின்றி முடிவு செய்யக்கூடாது.

அடுத்தது நிலப் பத்திரம். பீரோவில் உறங்கும் மூலப் பத்திரம் வெறும் சொத்துரிமைச் சான்று அன்று. விற்றவர், வாங்கியவர், அவரவர் தந்தையர் பெயர், குடியிருந்த கிராமம் ஆகியவை அதில் இருக்கும். மகளின் திருமணத்துக்காகவோ கடனை அடைக்கவோ நிலம் விற்கப்பட்ட செய்தியும் பல பத்திரங்களில் உண்டு. 'செக்குபந்தி' என்று நான்கெல்லைகளைக் குறிக்கும் பகுதி, அண்டை நிலத்தாரின் பெயர்களையும் காட்டிவிடும். அதன் பின் சார்பதிவாளர் அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகத்தின் பழைய கிராமக் கணக்குகள், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று தேடலை விரிக்கலாம். செஞ்சி இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும், பழைய ஆவணங்களைத் தென்னார்க்காடு மாவட்டத்தின் பெயரில்தான் தேட வேண்டும்.

நிலமே இல்லாதவர்களின் வரலாற்றை எங்கே தேடுவது? கூலி உழைப்பாளிகளாகவும் பண்ணையாட்களாகவும் வாழ்ந்தோரின் பெயர் பத்திரங்களில் அரிதாகவே ஏறியது. அவர்களுள் பலரின் பெயர் எழுதப்பட்டது ஊரைவிட்டுக் கப்பலேறியபோதுதான். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,000-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவர்கள். கப்பல் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடல் அடையாளம் வரை குறிக்கப்பட்டன. மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய ஆவணங்களைப் பாதுகாக்கிறது. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டு அவர்களின் வழித்தோன்றல்கள் இங்கு வந்து பூர்வீகம் தேடுகின்றனர். போனவரின் பெயர் எழுதப்பட்டது. ஊரிலேயே இருந்துவிட்ட அவருடைய உடன்பிறந்தாரின் பெயர் எங்குமே இல்லாமற் போயிருக்கலாம்.

பெண்களின் நிலையும் இதுவே. வம்சாவளிகளில் ஆண் பெயர்கள் அடுக்கப்படும். தாயாரின் பெயர் விடுபடும். தேசிங்குவின் மனைவி உடன்கட்டை ஏறியதாகவும், அவர் நினைவாகவே ராணிப்பேட்டை அமைந்ததாகவும் கூறுவர். ஓர் அரசிக்கே ஊர்ப்பெயரில் பதவிதான் எஞ்சியது, சொந்தப் பெயர் இல்லை. ஆதலால் தாய்வழிப் பெயர்களை முதலில் கேட்டு எழுதுவது கடமை.

குடும்ப வரலாறு குலப்பெருமைப் பட்டியலாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஆண்ட பரம்பரை என்று நிறுவும் ஆசையுடன் தேடுபவர், தமக்கு உவப்பானதை மட்டுமே கண்டெடுப்பார். செஞ்சியின் மண் இதற்கு மறுமொழி சொல்கிறது. கோனார் குடித் தலைவர்கள், நாயக்கர், பீஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், புந்தேலா ராஜபுத்திரர், ஆற்காடு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைமாறிய கோட்டை அது. ஒவ்வோர் ஆட்சியுடனும் படைவீரர், கணக்கர், கைவினைஞர் வந்தனர். பலர் இங்கேயே தங்கினர். தமிழகத்தில் வாழும் பொந்திலி சமூகத்தின் பெயர் புந்தேல்கண்டிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. இத்தகைய நிலத்தில் கலப்பற்ற வம்சத்தைத் தேடுவது வீண்.

மராத்தியர் காலக் கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கோட்டைச் சுவரைக் காக்க அரசும் உலக அமைப்பும் உள்ளன. எண்பது வயதுப் பாட்டியின் நினைவைக் காக்க அவருடைய குடும்பத்தாரை விட்டால் எவருமில்லை. ஒலிப்பதிவு வசதி இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. கேள்வி கேட்கவும், சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கவும் வேண்டிய பொறுமையே தேவை. பத்திரங்கள் இன்னும் சில காலம் காத்திருக்கும். முதியோரிடம் அவ்வளவு காலம் இல்லை.